பழைய காது மெஷினை எப்போது மாற்றலாம்? ஐந்து ஆண்டு தாண்டிய பி.டி.இ. கருவி பற்றி ஒரு மதிப்பீடு

காதுக்குப் பின்னால் மாட்டி, டியூப் வழியாக, காதின் அச்செடுத்துச் செய்த மோல்டுக்குள் ஒலியை அனுப்பும் சாதாரண டிஜிட்டல் காது மெஷினைத்தான் பி.டி.இ. என்கிறார்கள். ஐந்து ஆண்டு ஓடிய பி.டி.இ. எந்த நிலையில் இருக்கும், அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதே இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒழுங்காகப் பராமரித்த பி.டி.இ. ஏழு எட்டு ஆண்டுகள்கூட நன்றாக உழைக்கும். "அஞ்சு வருஷம் ஆயிடுச்சு, மாத்திடுங்க" என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பி மாற்ற வேண்டியதில்லை. அதேபோல, மெஷினின் சக்தி குறைந்ததை அறியாமல், "அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாயிடுச்சு" என்று வீட்டாரே முடிவுகட்டி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் கூடாது. சரியாகக் கேட்காமல் கடக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பெரியவர் வீட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்கிக்கொண்டே போகிறார்.

உள்ளே எது பழசாகிறது

மெஷினுக்குள் முக்கியமாக மூன்று உறுப்புகள்: ஒலியை வாங்கும் மைக், அதைக் கணக்கிட்டுப் பெருக்கும் சிப், காதுக்குள் திருப்பி அனுப்பும் ரிசீவர். சிப் லேசில் பழசாகாது. மைக்கின் சிறு துளைகளில் வியர்வை, பவுடர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் இறங்கும். அதன் கூர்மை மாதக்கணக்கில் மெல்லக் குறைவதால் போட்டிருப்பவருக்கே தெரியாது. ரிசீவர் என்பது மிகச் சிறிய ஸ்பீக்கர். சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்தாலே அதன் ஒலி கரகரக்கலாம் அல்லது அடியோடு நின்றுபோகலாம். பேட்டரி தொடும் தகடுகளில் வியர்வையால் பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு படியும். வால்யூம் சக்கரத்தைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால் அழுக்கு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

பி.டி.இ.யின் பெரிய பலம், ரிசீவர் காதுக்கு வெளியே உறைக்குள்ளேயே இருப்பது. காது அழுக்கு அங்கே எட்டாது. மெல்லிய கம்பி வழியாக ரிசீவரைக் காதுக்குள் வைக்கும் ஆர்.ஐ.சி. வகையில் முதலில் கெடுவது அந்த ரிசீவர்தான். ஆனால் அதை மட்டும் தனியாக, கிளினிக்கில் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிவிடலாம். ஆகவே ஆர்.ஐ.சி. வைத்திருப்பவரிடம் "மெஷின் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், மாற்று ரிசீவர் ஒன்றை மாட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், நுனியில் காது அழுக்கைத் தடுக்கும் சிறு வடிகட்டியான வேக்ஸ் கார்டைப் புதிதாக மாற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். முழுக்கக் காதுக்குள் ஒளிந்துகொள்ளும் சி.ஐ.சி. வகைக்கு ஆயுள் குறைவு. மைக், சிப், ரிசீவர் மூன்றுமே ஈரத்திலும் அழுக்கிலும் கிடக்கின்றன. கடலோர ஊர்களில் அந்த வகையை எடுக்கும்போது இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் பார்க்க வேண்டியவை

"முன்ன மாதிரி கேக்கல" என்ற புகாருக்குக் காரணம் பல நேரம் மெஷினுக்கு வெளியே இருக்கிறது. பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். 675 நீல ஸ்டிக்கர், 13 ஆரஞ்சு, 312 பழுப்பு, 10 மஞ்சள். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இயங்கும் துத்தநாக பேட்டரிகள். ஸ்டிக்கரை உரித்தவுடன் உள்ளே போட்டு மூடிவிட்டால் முழு வேகம் பிடிக்காது. இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்ந்துகொண்டுதான் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. சுமை இல்லாதபோது தீரப்போகும் பேட்டரிகூட நல்ல எண்ணைக் காட்டும். வேறு அட்டையிலிருந்து, காலாவதித் தேதி பார்த்து, புதியது ஒன்றைப் போட்டுச் சோதிப்பதே சரியான வழி. இரண்டு வாரம் வந்துகொண்டிருந்த 675 பேட்டரி, புது அட்டை போட்டும் நான்கைந்து நாளில் தீர்ந்தால் மெஷின் கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது. அது உள் கோளாறின் அறிகுறி, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டியூப். புதிதில் கண்ணாடி போலத் தெளிவாக, வளைந்து கொடுக்கும் டியூப், மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிடும். விறைத்த டியூப் மோல்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் ஒலி கசியும், விசில் அடிக்கும். இதை மாற்றச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. புது டியூப்பைச் சற்றுக் குட்டையாக வெட்டிவிட்டாலும் அதே விசில்தான். ஆகவே மாற்றியதும் காதில் மாட்டி, தாடையை அசைத்து, சிரித்து, குனிந்து பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அதிக சக்தி கொண்ட மெஷினுக்குத் தடித்த சுவருள்ள டியூப்பே போட வேண்டும். மெல்லியதில் ஒலி பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் டியூப்பில் நீர்த்துளி கட்டும், ஒலி விட்டுவிட்டு வரும். ரப்பர் பல்பு பம்பால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம்தான் மேலும் உள்ளே போகும்.

விசில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. மோல்டையும் டியூப்பையும் கழற்றிவிட்டு, மெஷினின் வளைந்த ஹூக் நுனியை விரலால் இறுக மூடி ஒலியைக் கூட்டுங்கள். அப்போதும் விசில் வந்தால் ஹூக்கில் விரிசல், அல்லது உள்ளே ரிசீவரைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கிறது. முதலில் ஹூக்கை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். விசில் நின்றுவிட்டால் மெஷின் மீது குற்றமில்லை. இப்போது டியூப்பையும் மோல்டையும் மாட்டி, மோல்டின் துளையை மூடிப் பாருங்கள். மீண்டும் விசில் வந்தால் கசிவு டியூப்பில். வரவில்லை என்றால் மோல்டு காதில் பொருந்தவில்லை, அல்லது காதுக்குள் அழுக்கு அடைத்துக்கொண்டு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது.

மோல்டுக்கு வயது வந்தவர்களிடம் இரண்டு மூன்று ஆண்டுதான் கணக்கு. உடல் இளைத்தால் காதின் வடிவமும் மாறும். வயதானவர் காய்ச்சலில் படுத்து எழுந்தபின் மெஷின் விசிலடிக்கத் தொடங்கினால் முதல் சந்தேகம் மோல்டின்மீது விழ வேண்டும். வளரும் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே மோல்டு தளர்ந்துபோகும். புது அச்சு எடுக்காமல், விசிலை அடக்க ஒலியைக் குறைத்து வைத்துவிட்டால் அந்தக் குழந்தை மொழி கற்கும் வயதில் பாதிச் சொற்களை இழக்கிறது. இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

காதையும் பார்த்துவிடுங்கள். காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கிருந்தால் எடுத்து, சீழ் இருந்தால் மருந்து கொடுக்கட்டும். ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போயிருந்தால் மெஷின் கடைப் பக்கமே போகாதீர்கள். அது அவசர நோய். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இவை எல்லாம் சரி என்றால் ஆறு ஒலிச் சோதனை. டேனியல் லிங் என்ற காது கேளாதோர் கல்வி வல்லுநர் வகுத்தது. ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் ஆகிய ஆறு ஒலிகளை, வாயை மறைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து சாதாரணக் குரலில் வரிசை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆ, ஊ, ம் கேட்டு ஸ், ஷ் மட்டும் போய்விட்டால் உயர் அலைவரிசை விழுந்திருக்கிறது. அதற்கு அடைத்துப்போன வேக்ஸ் கார்டோ, மங்கிய மைக்கோ, காதின் மாற்றமோ காரணமாகலாம். மெஷின் வாங்கிய நாளில் ஆறும் கேட்டிருந்ததா என்ற குறிப்பு இருந்தால் இந்தச் சோதனையின் மதிப்பு பல மடங்கு கூடும்.

கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டியவை

முதலில் புது ஆடியோகிராம், அதாவது எந்த அலைவரிசையில் எத்தனை டெசிபல் குறை என்று காட்டும் கேட்புச் சோதனை வரைபடம். அதை வாங்கிய காலத்து ஆடியோகிராமுடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் எவ்வளவு கேட்புக் குறை வரை பொருந்தும் என்று நிறுவனத்தின் விவரத் தாளில் ஒரு வரைபடம் இருக்கும். அன்றைக்கு 4000 ஹெர்ட்ஸில் 65 டெசிபலாக இருந்த குறை இன்று 85 ஆகியிருந்து, மெஷினின் எல்லையும் 85 என்றால் அதற்கு இனி இடம் இல்லை. மெஷின் புதிது போல ஓடினாலும் மாற்றத்தான் வேண்டும். எல்லைக்குள் கணிசமாக இடம் இருந்தால், புது ஆடியோகிராமுக்கு ஏற்ப மறுபடி புரோகிராம் செய்தாலே (கணினியில் இணைத்து ஒலி அளவுகளை மாற்றி அமைத்தாலே) போதும். மாற்ற வந்தவர்கள் இந்த ஒரு வேலையோடு திருப்தியாகத் திரும்புவது சாதாரணமாக நடப்பதுதான்.

இரண்டாவது, டெஸ்ட் பாக்ஸ் சோதனை. மெஷினை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, 2 சிசி கப்ளர் என்னும் செயற்கைக் காதில் பொருத்தி, வெளிவரும் ஒலியை அளப்பது. உச்ச ஒலி, பெருக்கம், ஒலிச் சிதைவு, உள் இரைச்சல், பேட்டரி மின் இழுப்பு எல்லாம் ஒரு தாளில் வரும். அதை விவரத் தாளோடு ஒப்பிட வேண்டும். ஏ.என்.எஸ்.ஐ. எஸ்3.22 என்ற அமெரிக்கத் தரவிதி உச்ச ஒலியின் சராசரிக்கு 4 டெசிபல், முழுப் பெருக்கத்துக்கு 5 டெசிபல், மின் இழுப்புக்கு 20 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. அதற்குள் இருந்தால் உங்கள் பழைய மெஷின் ஆரோக்கியமாகவே இருக்கிறது. இரைச்சல் குறைப்பு, விசில் தடுப்பு போன்றவற்றை அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மெஷினும் பலவீனமாகக் காட்டும். இந்தப் பெட்டி இல்லாத கடையில் "சவுண்டு கம்மியாயிடுச்சு" என்று வெறும் காதால் கேட்டுச் சொல்லும் தீர்ப்பை ஏற்க வேண்டாம்.

இப்போது பழைய மெஷினின் உண்மையான பலவீனத்துக்கு வருவோம். அது புரோகிராம் செய்யும் வசதி. பல பழைய பி.டி.இ.க்களைக் கணினியோடு இணைக்க ஹை-ப்ரோ என்ற பெட்டியும் அந்த மாடலுக்கே உரிய கேபிளும் தேவை. புதிய மெஷின்கள் வயரில்லாமல் இணைவதால் கிளினிக்குகளில் பழைய கேபிள்கள் மறைந்து வருகின்றன. நிறுவனங்களின் புதிய மென்பொருளிலும் பழைய மாடல்கள் விடுபட்டுப்போகின்றன. மாடல் உற்பத்தி நின்றபின் பொதுவாக ஐந்து ஆண்டளவு உதிரிபாகம் கிடைக்கும், அப்புறம் தட்டுப்பாடுதான். மெஷினில் சீமென்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அது இந்தக் கட்டத்தை நெருங்கியதாகவே இருக்கும். அந்த நிறுவனம் தன் காது மெஷின் தொழிலை 2015-இல் விற்றுவிட்டது. இப்போது அதே வழியில் வருவது சிக்னியா. பழுது பார்க்க அங்கேதான் கேட்க வேண்டும். புரோகிராம் செய்ய முடியாத மெஷின், காது மாறாத வரை ஓடும். காது மாறிவிட்டால் அன்றோடு அதன் வேலை முடிந்தது.

மாற்றுவதற்கான நியாயமான காரணங்கள்

ஆகவே எங்கள் அளவுகோல் இது. காதின் குறை மெஷினின் எல்லையைத் தொட்டுவிட்டால் மாற்றுங்கள். புரோகிராம் செய்ய வழி இல்லாமல் போய், ஆடியோகிராமும் 10 டெசிபலுக்கு மேல் மாறியிருந்தால் மாற்றுங்கள். உத்தரவாதம் முடிந்த மெஷினில் ரிசீவரோ மைக்கோ மாற்றும் செலவு, அதே தரத்துப் புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, ஓராண்டுக்குள் இரண்டாம் முறை உள் கோளாறு வந்தாலோ மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். முதல் முறை ரிசீவர் போனதற்காக மட்டும், நான்கு வயதான மெஷினைக் கைவிட வேண்டாம். பழுது பார்த்த மெஷினுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள்.

போட்டிருப்பவரின் வாழ்க்கை மாறுவதும் நியாயமான காரணம்தான். கை நடுங்கி, சின்ன பேட்டரியைப் பிடித்துப் போட முடியாதவருக்குச் சார்ஜ் ஏற்றும் மெஷின் பெரிய விடுதலை. இரவு வைத்தால் பகல் முழுக்க ஓடும். ஆனால் அதன் லித்தியம் பேட்டரி பல மாடல்களில் உள்ளேயே மூடப்பட்டிருக்கும். நான்கைந்து ஆண்டில் கொள்ளளவு குறைந்தால் நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சார்ஜர் கெட்டாலோ தொலைந்தாலோ மறுநாளே மெஷின் நின்றுபோகும். வாங்கும்போதே தனிச் சார்ஜரின் விலையையும் பேட்டரி மாற்றும் செலவையும் கேளுங்கள். பயணம் அதிகம் செய்பவர்களுக்கும், பக்கத்தில் சேவை மையம் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் எங்கும் கிடைக்கும் 13, 675 பேட்டரிகளே இன்னும் நம்பகமானவை. செல்போன் பேச்சு நேராக இரு காதிலும் விழும் புளூடூத் வசதி, வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய மாற்றம். பழைய மெஷினில் தொலைபேசி ஒலியைக் காந்தப்புலம் வழியாக வாங்கும் டெலிகாயில் பயன்படுத்திப் பழகியவர்கள் புது மாடலிலும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய மாடல்களில் அதை விட்டுவிடுகிறார்கள்.

விலை கூடக் கூட, ஒலியைப் பிரித்துத் தனித்தனியே சரிசெய்யும் அலைவரிசைப் பட்டைகளான சேனல்களின் எண்ணிக்கை கூடக் கூட, பேச்சும் தெளிவாகும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். 2014-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழு, லேசானது முதல் நடுத்தரம் வரை குறையுள்ள முதியவர்களிடம் அடிப்படை மெஷின்களையும் உயர்விலை மெஷின்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. இரண்டாலும் நன்மை கிடைத்தது. பேச்சுப் புரிதலில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சரியாகப் புரோகிராம் செய்வதே முக்கியம். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, மெஷின் அந்தக் காதில் உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளக்கும் ரியல் இயர் சோதனை செய்கிற இடத்தில் நடுத்தர மெஷின் எடுப்பதே புத்திசாலித்தனம். கணினி தானாகப் போட்டுத் தரும் முதல் செட்டிங்கோடு அனுப்பிவிடும் இடத்தில் உயர்விலை மெஷின் எடுத்துப் பயனில்லை.

இரு காதிலும் கடும் குறை, நல்ல மெஷினை நன்றாகப் புரோகிராம் செய்தும் சொல் புரியவில்லை என்ற நிலை வேறு. அங்கே இன்னொரு மெஷின் வாங்குவது பணத்தை வீணாக்குவது. அறுவை சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பொருந்துமா என்று பரிசோதிக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

வாங்கும் இடம், அரசு வழி

கேட்புத் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. இல்லை; பில்லில் வரி சேர்த்திருந்தால் கேளுங்கள். சில விற்பனைச் சங்கிலிகளின் மெஷின்களை அவர்கள் கடையில் மட்டுமே புரோகிராம் செய்ய முடியும்படி பூட்டியிருப்பார்கள். ஊர் மாறுகிறவர்களுக்கு இது பெரும் சிக்கல் என்பதால் வாங்குமுன் நேராகவே கேட்டுவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் சலுகையில் பழைய மெஷினைக் கொடுக்கச் சொல்வார்கள். தள்ளுபடி போக வரும் விலையை, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் இன்னொரு கடை சொல்லும் விலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் ஒலிபெருக்கிகள் பழைய பி.டி.இ.க்கு மாற்றே ஆகாது. அவை உங்கள் ஆடியோகிராமை அறியாமல் எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் ஒன்றிய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் மெஷின் பெற்றவர்கள் மூன்று ஆண்டுக்குப் பின் மறுபடி கேட்கலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு விண்ணப்பிக்கும்போது புது ஆடியோகிராமையும் இணையுங்கள். அரசு தரும் மெஷினுக்குத் தனியாக நல்ல மோல்டு செய்து போடுங்கள். பெட்டியோடு வரும் ரெடிமேட் ரப்பர் முனையைப் போட்டுவிட்டு "கவர்மெண்ட் மெஷின் சரியில்ல" என்று அலமாரியில் வைத்தவை ஏராளம்.

இரண்டு காதிலும் போட்டிருப்பவருக்கு ஒன்று மட்டும் போனால், அதே மாடல் கிடைக்கும் வரை அதையே வாங்குங்கள். வேறு தலைமுறை மெஷின் மறு காதிலுள்ள மெஷினோடு இணையாது, இரு காதிலும் ஒலியின் தன்மையும் வேறுபடும். கிடைக்காவிட்டால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

மாற்றிய பிறகு வரும் பெரிய புகார், "புதுசுல சத்தமே பத்தல" என்பது. பல ஆண்டு சக்தி மிக்க பழைய மெஷின் போட்டவர்கள், சிறிய ஒலி பெரிய ஒலி இரண்டையும் ஒரே அளவு பெருக்கும் முறைக்குப் பழகியிருப்பார்கள். புதிய மெஷின்கள் சிறிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் பெருக்கும். இது மெஷினின் கோளாறு இல்லை. பழைய மெஷினை டெஸ்ட் பாக்ஸில் அளந்த தாளைக் கொண்டுபோய்க் காட்டி, முதலில் அதற்கு நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இரண்டு மூன்று தடவையாகப் புது முறைக்குக் கொண்டுவரட்டும். பழைய மெஷினைத் தூக்கிப்போட்ட பிறகு இந்த அளவு கிடைக்காது.

பழையது ஓடும் நிலையில் இருந்தால், கேபிள் கிடைக்கும்போதே அதையும் புது ஆடியோகிராமுக்குப் புரோகிராம் செய்து வாங்கி வையுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, ஜெல்லின் நிறம் மாறினால் புதிது போடுங்கள். மாதம் ஒருமுறை பேட்டரி போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். புதியது பழுதுக்குப் போகும் இரண்டு மூன்று வாரமும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.